நிக்கோலாசா சொல்ல மறுத்த செபமாலை

ஊரில் யார் செத்தாலும் என் அத்தை நிக்கோலாசா செபமாலை சொல்லப் போவாள். தன் கணவனுக்கு மட்டும் சொல்ல மாட்டாள். எங்கள் ஊர் ஹாகட்டில் இதைப் பற்றிப் பேசாத வாயே கிடையாது.

எங்கள் குவாம் தீவில் ஒரு சாவு விழுந்தால் ஒன்பது மாலை அந்த வீட்டுக் கதவைச் சாத்துவதில்லை. ஊரே வந்து உட்காரும். முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து செபத்தைத் தொடங்க, மற்றவர்கள் பதில் சொல்வார்கள். முடிவில் செத்தவரின் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் நித்திய இளைப்பாற்றி, முடிவில்லாத ஓய்வு, கேட்போம். அது கேட்ட பிறகுதான் அவர் எங்களுக்குச் செத்தவர். அதுவரை வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் எங்கேயோ நின்றுகொண்டிருக்கிறார் என்றுதான் நினைப்போம்.

அமெரிக்கக் கடற்படை எங்கள் தீவுக்கு வந்த புதிதில் ஸ்பானியச் சாமியார்களைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டது. மாதாவின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு தெருவில் போகக்கூடாது என்றது. கோயில் மணிக்கும் கட்டுப்பாடு. ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்து பெண்கள் முணுமுணுக்கும் செபத்தை எந்த உத்தரவால் தடுக்க முடியும்? அப்படி வளர்ந்த குரல்தான் அத்தையுடையது. கனமான குரல். அழுகிறவர்கள்கூட அந்தக் குரல் எழுந்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள்.

அவள் கணவன் சில்வேரியோ, என் அம்மா உர்சுலாவின் தம்பி. எனக்குத் தாய்மாமா. கள் இறக்குகிறவர். கவர்னராக வந்தவர்களெல்லாம் கப்பல் கேப்டன்கள். தீவையும் ஒரு கப்பலாகவே நினைத்தார்கள். வருவதும் போவதுமாக இருப்பார்கள், ஆளுக்கொரு உத்தரவு போடுவார்கள். நாய்க்கு வரி கட்டு, கோழியை அடைத்து வை, கக்கூஸ் தோண்டு என்று. மாமா மூங்கில் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு தென்னையில் ஏறும்போது கீழே நிற்பவர்களிடம் சொல்வாராம், "மரத்தடி வரைக்கும்தான்டா அமெரிக்கா. மேல நான்தான் கவர்னர்."

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாமாவின் முதுகில் ஒரு வெளிறிய தேமல் வந்தது. அத்தை தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினாள். போகவில்லை. தொழுநோய் இருக்கிறதா என்று கடற்படை டாக்டர் ஊர் ஊராக வந்து, சட்டையைக் கழற்றச் சொல்லி ஊசியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் வருகிற நாளில் மாமா மலையடித் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

எங்கள் வீட்டுப் பண்டிகையன்றுதான் எல்லாம் வெளியே வந்தது. பின்கட்டில் ஈரப்பலாக் காயைக் குழியில் சுடு கற்களுக்கு நடுவில் போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா ஏதோ வேடிக்கை சொல்லிக்கொண்டே இடது கையால் ஒரு சுடு கல்லைத் தூக்கி ஓரமாக வைத்தார். தோல் கருகும் நாற்றம் வந்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. அவருக்கு எதுவுமே தெரியவில்லை. சுற்றி நின்றவர்களின் சிரிப்புதான் ஒவ்வொன்றாக நின்றது. அங்கே கூட்டத்தில் ஊர்க் கமிஷனரும் இருந்தார். அவர் மாமாவுக்குச் சினேகிதர்தான். ஆனால் கடற்படையிடம் சொல்லாமல் விட்டால் கமிஷனரையே சிறையில் போடுவார்கள். அத்தை ஓடிப்போய் அந்தக் கையைத் தன் பாவாடைக்குள் பொதிந்துகொண்டாளாம். யாரிடமிருந்து மறைக்க முடியும்?

தூமோன் கடற்கரையில் கம்பி வேலி போட்ட இடத்தில் மாமாவை வைத்தார்கள். அத்தை அப்போது கர்ப்பிணி. சோள அடையைத் துணியில் கட்டிக்கொண்டு போய் வேலிக்கு வெளியே உட்கார்ந்துவிட்டு வருவாள். பிறகு ஒரு நாள் எல்லா நோயாளிகளையும் கப்பலில் ஏற்றப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. பிலிப்பைன்ஸ் பக்கம் நோயாளிகளுக்கென்றே ஒரு தீவு இருக்கிறதாம். திரும்பி வருவதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

பீத்தி துறைக்கு நாங்கள் போனபோது நான் அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற குழந்தை. அன்று நான் பார்த்தது எது, பிறகு கேட்டுக் கேட்டு மனத்தில் பதிந்தது எது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். தொடக்கூடாது என்று சிப்பாய் சொல்லிக்கொண்டேயிருந்தான். எங்களில் யாரும் பயணம் போகுமுன் பெரியவர்களின் வலது கையை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்து ஆசி வாங்காமல் போவதில்லை. மாமா கயிற்றருகே வந்து தன் அக்காவுக்கு முன்னால் குனிந்தார். என் அம்மா கையை நீட்டினாள். நீட்டிய கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

ஒன்றுமில்லாத இடத்தில் மாமா மூக்கை வைத்தார். "பரவாயில்லக்கா, காத்தையே மோந்துக்கிட்டேன்" என்றார்.

பிறகு அத்தையைப் பார்த்தார். அவள் அழக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, அவர் எப்போதும்போலவே பேசினார். "கோலாசா, உனக்குத்தான் யாரு செத்தாலும் வாய் நிக்காதே. எனக்கு மட்டும் அவசரப்பட்டு செபமாலை சொல்லிப்புடாத. நீ சொல்ற வரைக்கும் நான் சாகமாட்டேன்."

சாகப் பயந்தவன் பேச்சா அது, பெண்டாட்டியைத் தேற்றும் பேச்சா? கப்பல் ஒரோத்தே முனையைத் தாண்டி மறையும்வரை அத்தை துறையிலேயே நின்றாள். அன்று அவள் அழவில்லை. அவர் விட்டுப்போன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் வாழத் தொடங்கிவிட்டாள்.

நான்கு மாதம் கழித்து ரெமெதியோஸ் பிறந்தாள். யாரோ எழுதிக்கொடுத்த கடிதங்கள் இரண்டு மாமாவிடமிருந்து வந்தன. நலம், குழந்தை நலமா என்று. பிறகு எதுவும் இல்லை. அத்தை கடற்படை அதிகாரிகளின் துணிகளை வெளுத்துப் பிள்ளையை வளர்த்தாள். புதுக் கவர்னர் வந்தால் ஒருமுறை அலுவலக வாசலுக்குப் போய் நிற்பாள். விசாரித்துச் சொல்கிறோம் என்பார்கள். விசாரித்துச் சொல்வதற்குள் அந்தக் கவர்னர் போய்விடுவார்.

வருஷங்கள் ஓடின. மாமாவுக்கு முறைப்படி செபமாலை சொல்லிவிட வேண்டும் என்று என் அம்மா பேச ஆரம்பித்தாள். அந்த நோயோடு இத்தனை நாள் யாரும் இருக்கமாட்டார்கள், ஆத்மா வழியில் நின்று தவிக்கும் என்றாள். அத்தை துணி பிழிந்துகொண்டிருப்பாள். ஒரு நாள் அம்மா விடாமல் அழுதாள். அத்தை பிழிந்த துணியைத் தொட்டியில் போட்டாள்.

"அண்ணி, யாருக்கு இளைப்பாற்றி கேக்கறீங்க? அவருக்கா, உங்களுக்கா?"

"என்னடி பேசற?"

"அன்னைக்கு இழுத்துக்கிட்ட கைய இன்னும் நீங்க எங்க வச்சுக்கறதுன்னு தெரியாம அலையறீங்க. அவரு செத்துட்டா உங்களுக்குக் கணக்குத் தீந்துரும். எனக்குத் தீராது. நான் சொல்லமாட்டேன்."

அம்மா அதன்பின் பல மாதம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஆனால் அத்தை சொன்னது பொய் என்று ஒருபோதும் அவள் சொல்லவில்லை.

ரெமெதியோஸ் வளர்ந்து அழகியானாள். மாமாவின் சிரிப்பு அப்படியே அவள் முகத்தில் இருந்தது. சுமாய் ஊரில் தந்திக் கம்பெனியில் வேலை பார்த்த பெலிக்ஸ் அவளை விரும்பினான். அவன் அம்மா கார்மெலா வெற்றிலை பாக்கோடு பெண் கேட்க வந்தாள். பேச்சு எல்லாம் நல்லபடியாகப் போனது. பாக்கை மென்றுகொண்டே கார்மெலா கடைசியாக ஒன்றைச் சொன்னாள். பெண்ணுக்கு அப்பா இல்லை என்றால் அது ஆண்டவன் சித்தம், அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அந்த நோயோடு எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்றால் ஊர் வேறுமாதிரி பேசும். கல்யாண அறிவிப்பு ஓலையைக் கோயிலில் வாசிக்குமுன் மாமாவுக்குச் செபமாலை சொல்லிவிட்டால் போதும்.

 அத்தை மகளைப் பார்த்தாள். ரெமெதியோஸ் கதவுக்குப் பின்னால் மேல்துணி நுனியை வாயில் கவ்விக்கொண்டு நின்றாள்.

"அவ அப்பா பேர உசிரோட இருக்கறவர் பேராத்தான் கோயில்ல வாசிக்கணும். இஷ்டம்னா பேசுங்க" என்றாள் அத்தை.

கார்மெலா வெற்றிலையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனாள். அன்று சாயங்காலம் ரெமெதியோஸ் தன் தாயிடம் பேசியதை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"நான் ஒரு நாள்கூட பாக்காத ஆளும்மா அவரு. என்னய விட அவரு பெருசாப் போயிட்டாரு உனக்கு."

"நீ எனக்குப் பெருசுதான்டி. ஆனா அவர என் வாயால எப்படிக் கொல்றது?"

பெலிக்ஸ் அடுத்த வருஷமே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். ரெமெதியோஸ் யாரையும் கட்டவில்லை. தாயும் மகளும் ஒரே அடுப்பில் பொங்கி, ஒரே பாயில் படுத்து, தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டு காலம் தள்ளினார்கள். அந்த வீட்டில் எப்போதும் மூன்றாவதாக ஒருவர் இருப்பதுபோல் இருக்கும். அவருக்கு முன்னால் இரண்டு பேரும் வாயடைத்து உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

பிறகு யுத்தம் வந்தது. மாதா திருநாளன்று ஜப்பான்காரர்கள் குண்டு போட்டார்கள். இரண்டு நாளில் கடற்படைக் கவர்னர் சரணடைந்தார். ஜப்பான் சிப்பாய்களைக் கண்டால் தெருவில் குனிந்து கும்பிட எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சரியாகக் குனியாதவர்கள் கன்னத்தில் அறை வாங்கினார்கள். ரெமெதியோஸை ஒரோத்தேயில் விமான ஓடுதளம் போடக் கல் சுமக்க இழுத்துப் போனார்கள். அவள் இளைத்துக் குச்சியானாள். மூன்றாம் வருஷம் அமெரிக்கக் கப்பல்கள் அடிவானத்தில் தெரிய ஆரம்பித்ததும், ஊர் ஊராக எங்களைத் தீவின் நடுவிலுள்ள மானெங்கொன் பள்ளத்தாக்குக்கு மழையில் நடக்கவைத்தார்கள். நடக்க முடியாதவர்கள் வழியில் என்ன ஆனார்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆற்றங்கரைச் சேற்றில் தென்னோலையைக் கவிழ்த்துப் போட்டு அதன் கீழ் கிடந்தோம். குடித்த ஆற்றுத் தண்ணீரே நோய் கொடுத்தது. ரெமெதியோஸுக்கு வயிற்றுக் கடுப்பு கண்டு, ரத்தமாகப் போக ஆரம்பித்தது. அத்தை ஈரப்பலா வேகவைத்த தண்ணீரை இலையில் ஏந்தி வாயில் விடுவாள். அது தங்காது.

கூட்டமாக உட்காரக்கூடாது என்பது சிப்பாய்களின் உத்தரவு. ஆனால் அங்கே தினமும் யாராவது செத்துக்கொண்டிருந்தார்கள். எனவே பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வரிசையில் உட்கார்ந்து, முன்னால் இருப்பவளுக்குப் பேன் பார்ப்பதுபோல் தலையைக் கிளறிக்கொண்டே செபம் சொல்வோம். மணிகளுக்குப் பதில் மயிர்க்கற்றைகளைத் தள்ளி எண்ணுவோம். வரிசையின் கடைசியில் உட்கார்ந்து அத்தை செபத்தைத் தொடங்குவாள். அந்தக் கனத்த குரல் அப்போது கொசு முனகல் அளவுக்கு இறங்கியிருந்தது.

ரெமெதியோஸின் கடைசிச் சாயங்காலம் மழை விட்டிருந்தது. அவள் அத்தையின் மடியில் கிடந்தாள்.

"அம்மா, எனக்குச் சொல்றப்ப அப்பாவுக்கும் சேத்துச் சொல்லுவியா?"

அத்தை அவள் நெற்றியைத் துடைத்தாள்.

"அங்க எனக்கு யாரையும் தெரியாதும்மா. அவரு இருந்தா ஒரு ஆளு இருக்கும்."

"அவரு அங்க இல்லைன்னா என்னடி பண்றது?"

"இல்லைன்னா நான் தனியா இருப்பேன்."

வாழ்நாளில் மகள் அதிகம் கேட்டதில்லை. கேட்ட ஒன்றையும் தாய் கொடுக்கவில்லை.  அத்தை குனிந்து மகள் காதில் சரி என்றாள். ரெமெதியோஸ் மாமாவின் அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். விடிவதற்குள் போய்விட்டாள்.

மறுநாள் மாலை வரிசையாகப் பேன் பார்க்க உட்கார்ந்தோம். எனக்குப் பின்னால் என் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் அத்தை. ரெமெதியோஸின் பெயர் வந்தது. அடுத்து மூச்சு வாங்கும் அளவுக்கு ஒரு இடைவெளி. பிறகு சில்வேரியோ என்ற பெயர் வந்தது, இளைப்பாற்றியும் வந்தது. என் தலையில் இருந்த அம்மாவின் விரல்கள் கற்றையைத் தள்ளாமல் நின்றுவிட்டன.  பதிலை அவளுக்கும் சேர்த்து நான்தான் சொன்னேன். ஒன்பது மாலையும் அத்தை அப்படியே சொல்லி முடித்தாள். அது முடிந்த சில நாளில் அமெரிக்கச் சிப்பாய்கள் மலையிறங்கி வந்தார்கள். எல்லோரும் பாடினார்கள். அத்தை மகளைப் புதைத்த இடத்தில் கல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

யுத்தத்தில் ஹாகட் சாம்பலாகிவிட்டது. கடற்படை தனக்கு வேண்டிய நிலத்தை எடுத்துக்கொண்டு எங்களுக்கு வேறிடத்தில் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தது. கட்டட வேலைக்குப் பிலிப்பைன்ஸிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து பக்கத்தில் முகாம் போட்டார்கள். அவர்களில் எபிபானியோ என்பவன் எங்கள் வீட்டுக்குக் கள் குடிக்க வருவான். பாதி அவன் மொழி, பாதி எங்கள் மொழி. ஒரு நாள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னான்.

"எங்க தீவுல உங்க ஊர்க் கிழவர் ஒருத்தர் இருந்தாரு. விரலே இல்லாம மரம் ஏறுவாரு. சில்வேரியோன்னு பேரு."

அவன் தாய் அந்த நோயாளிகள் தீவில் இருந்தவள். அவன் அங்கேயே பிறந்தவன்.

 அவர் எப்போது செத்தார் என்று என் அம்மா மெதுவாகக் கேட்டாள். அமெரிக்கக்காரன் குவாமுக்குத் திரும்பி வந்த வருஷம், கிறிஸ்துமஸ் சமயம், பசியில் என்று அவன் சொன்னான். அதாவது அதற்கு ஐந்து மாதம் முன்னால் நாங்கள் சேற்றில் உட்கார்ந்து அவருக்கு இளைப்பாற்றி கேட்டபோது மாமா உயிரோடு இருந்திருக்கிறார். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, அவ கேட்டா யுத்தத்துக்கு முன்னாடியே போயிட்டாருன்னு சொல்லிடுப்பா. உன் கால்ல விழறேன்" என்றாள்.

அதற்குள் பேச்சு அடுத்த கொட்டகைக்குப் போய்விட்டது. தகரச் சுவர் எதைத்தான் மறைக்கும்? ஈரக் கையோடு அத்தை வாசலில் வந்து நின்றாள். அவனை உட்காரச் சொல்லித் தானும் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"நெசத்தச் சொல்லு, மகனே. எப்பச் செத்தாரு?"

எபிபானியோ என் அம்மாவைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அந்த வருஷக் கிறிஸ்துமஸ் என்றான்.

"கடைசியில என்ன சொன்னாரு?"

"அவருக்கு அடிக்கடி காய்ச்சல் வரும். ஒவ்வொரு தடவையும் எங்கம்மா அழுவா. அவரு சிரிப்பாரு. ஊர்ல என் பெண்டாட்டி இன்னும் எனக்குச் செபமாலை சொல்லல, அவ சொல்லாம நான் எப்படிச் சாகறதும்பாரு. முப்பது வருஷமா இதே வேடிக்கதான். கடைசிக் காய்ச்சல்லயும் அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு."



"அவருக்கு அங்க யாராவது செபமாலை சொன்னாங்களா?"

"அந்த வருஷம் யாரு யாருக்குச் சொல்றது, அம்மா? குழிதான் வெட்டினோம். அதுக்கே ஆளில்ல."

அத்தை எழுந்தாள். அவனுக்கு இன்னொரு கோப்பை கள் ஊற்றச் சொன்னாள். தன் கொட்டகைக்குப் போய்க் கதவைத் திறந்து, சாத்தாமலிருக்க ஒரு கல்லை முட்டுக்கொடுத்தாள். பிறகு என் அம்மாவிடம் வந்து அவள் சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

"அண்ணி, நான் சொன்னது செல்லாது. அது உசிரோட இருந்தவருக்குச் சொன்னது. நீங்க சொல்லுங்க. என் வாயில இருந்து அவருக்கு ஒருதடவ வந்தது போதும்."

அப்படி என் அம்மாதான், ஒருபோதும் முன்னால் உட்காராதவள், தடுமாறித் தடுமாறித் தன் தம்பிக்குச் செபமாலை சொன்னாள். ஊரே வந்தது. எபிபானியோவும் முகாமிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அத்தை பெண்களோடு பின்னால் உட்கார்ந்திருந்தாள். பதிலும் சொல்லவில்லை. அழுகை மட்டும், முப்பது வருஷம் தேக்கி வைத்தது, சத்தமில்லாமல் அவள் கழுத்தை நனைத்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எந்தச் சாவு வீட்டுக்கும் அவள் முன்னால் உட்காரப் போகவில்லை. கூப்பிட வருபவர்களை என் அம்மாவிடம் அனுப்புவாள். உங்கள் குரல் போல வருமா என்று கெஞ்சினால், "என் குரல் சாவுக்கு முந்திக்கும்" என்பாள். அவளை யாரும் வற்புறுத்தவில்லை. என் அம்மா, உன் வாயால் அவர் சாகவில்லை, பசியால் செத்தார் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். சாமியாரும் சொன்னார். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். நம்பினாளா என்று யாருக்குத் தெரியும்?

அத்தை தூக்கத்திலேயே போனாள். அம்மா அதற்கு முன்பே போய்விட்டதால் முன்னால் உட்காரும் பொறுப்பு என்னிடம் வந்திருந்தது. வீடு நிறைய ஆட்கள். எல்லோரும் மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு என் வாயைப் பார்த்திருந்தார்கள்.  நான் எழுந்து போய் அத்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மனம் கேட்கவில்லை. மறுபடி எழுந்து போய் இன்னொரு முறை பார்த்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நான் வந்து உட்காரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.